ஒருத்தி மேலே போகட்டும்

நான் பார்த்த முதல் செயற்கைக்கோள் ஒரு மணல் படகின் விளக்கு.

ஐம்பத்தேழாம் வருஷம், அக்டோபர். நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் பரோமினோ, வோல்கா கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். படகுத்துறை, மீன் ஆலை, ஒரு பள்ளி, ஒரு பொதுக் குளியல் கூடம், இவ்வளவுதான். நம் நாடு வானத்தில் ஒரு குட்டி நிலாவை ஏற்றிவிட்டது என்று வானொலி சொன்னதும் தலைமையாசிரியர் அவேர்கி லுகிச் பள்ளி முழுவதையும் சாயங்காலம் ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வானமே தெரியாதபடி மேகம். மேகம் இருந்தால் எதுவும் தெரியாது என்று அவரிடம் சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வரவில்லை. குளிரில் பல் கிட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் ஒரு வெளிச்சப் புள்ளி மெதுவாக நகர்ந்தது. "அதோ!" என்று கையை நீட்டினார். கை தட்டினோம். பாட்டுப் பாடினோம். புள்ளி நேராக எங்களை நோக்கி வந்து, கரையில் முட்டி நின்று, "யாராச்சும் தீப்பெட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டது.

மறுநாள் வகுப்பில் கட்டுரை: 'நான் செயற்கைக்கோளைப் பார்த்தேன்.' எல்லாரும் பார்த்ததாக எழுதினார்கள். நான் படகு விளக்கு என்று எழுதினேன். 'போதிய உற்சாகம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் நாட்டில் யானை கிளம்பிப் பாதி ஊரைத் தாண்டிய பிறகுதான் மணி அடிப்பார்கள். வழியில் படுத்துவிட்ட யானைக்கு மணியே கிடையாது. அறுபத்தொன்றில் முதல் மனிதன் மேலே போனதும் அப்படித்தான் திடுதிப்பென்று தெரிந்தது. யார் போகிறார், என்ன முகம், ஒன்றும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பள்ளி அவருடைய பெரிய படத்தை வரைந்து வாசலில் மாட்டுவதற்குள் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் மாட்டி, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பாராட்டும் வாங்கிவிட்டன. அவேர்கி லுகிச்சுக்கு அது மானப் பிரச்சினை.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓவிய ஆசிரியை இராய்தா பாவ்லவ்னா அடுத்த வீரரை முன்னதாகவே வரைந்து வைத்துவிட வேண்டும். விண்வெளி உடுப்பு, தலைக்கவசம், அகன்ற தோள், பின்னால் நட்சத்திரம், எல்லாம் தயார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு முட்டை. ஆளுயரப் படம். நூலகத்தில் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். முதல் வகுப்புக் குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே போக மாட்டோம் என்று அழுதன. ஆனால் வேலை நடந்தது. அடுத்தடுத்துப் போனவர்களின் முகத்தைச் செய்தித்தாளைப் பார்த்து முட்டைக்குள் வரைந்துவிட்டால், சாயங்காலத்துக்குள் வாசலில் படம் தொங்கும். அறுபத்திரண்டில் இரண்டு பேர் அடுத்தடுத்த நாள் போனார்கள். அப்போதிலிருந்து இரண்டு முட்டைகள் தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு.

பார்ப்பது என்றால் தலைமையாசிரியர் அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. உள்ளங்கை அகலத் திரை, அதன் முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருப்பெருக்கி. நடுவில் உட்கார்ந்த ஆசிரியர்களுக்கு வீரர் தெரிந்தார். ஓரத்தில் நின்ற எங்களுக்குக் குதிரை முகத்தோடு யாரோ தெரிந்தார். இரண்டு தரப்பும் ஒரே மாதிரி கை தட்டினோம்.

இதையெல்லாம் கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, எனக்கும் அந்தப் பைத்தியம் நன்றாகவே பிடித்திருந்தது. என் பைத்தியம் கொஞ்சம் தாழ்வான உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். பல் பிடுங்க அம்மா என்னை ஒருமுறை வட்டாரத் தலைநகருக்குக் கூட்டிப் போயிருந்தாள். அங்கே பூங்காவில் பாராசூட் கோபுரம் ஒன்று. உச்சியிலிருந்து ஒரு ஆள் காலை எடுத்து வெறும் காற்றில் வைத்தான். வெள்ளைப் பட்டுக் குடையின் கீழே ஆடி ஆடி வந்து இறங்கினான். வாயில் பஞ்சோடு நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. ஒரே ஒருமுறை அந்த இடத்திலிருந்து குதிக்க வேண்டும்.

அதற்கு வழி இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் கொந்திராத் ஸவேலிச் பள்ளியில் 'இளம் விண்வெளி வீரர் குழு' நடத்தினார். அந்தக் குழுவிலிருந்து வருஷத்துக்கு ஒருவர் ஜூலை மாதம் தலைநகர் முகாமுக்குப் போகலாம். அங்கே அந்தக் கோபுரம்தான் பயிற்சிக் கோபுரம். கொந்திராத் ஸவேலிச் போரில் விமானப் படையில் இருந்தவர். பதக்கத்தைக் கழற்றவே மாட்டார். விமான தளத்தின் சமையலறையில் இருந்தார் என்று ஊரில் பேச்சு. அதை அவர் மறுத்ததில்லை, அந்தப் பேச்சு நடக்கும் இடத்துக்கு வந்ததுமில்லை.

குழுவில் மூன்று சோதனை. ஒன்று, முடிதிருத்தும் கடையிலிருந்து வாங்கி வந்த சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றோ சுற்று என்று சுற்றுவார்கள். இரண்டு, இறங்கியதும் ஒரு மரக்கட்டை மேல் விழாமல் நடக்க வேண்டும். மூன்று, வெப்பம் தாங்குவது. அதற்கு எங்கள் ஊரில் வேறு என்ன வழி? பொதுக் குளியல் கூடத்தின் நீராவி அறை. சனிக்கிழமை ஆண்கள் நாள். மேல் படியில் கொந்திராத் ஸவேலிச் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டோடு உட்கார்ந்திருப்பார், பையன்கள் வரிசையாக வேகுவார்கள்.

பெண்களுக்கும் குழுவில் வேலை இருந்தது. ஆரஞ்சு நிற மேஜை விரிப்பை வெட்டிப் பையன்களுக்கு விண்வெளி உடுப்பு தைத்தோம்.

அறுபத்திரண்டு இலையுதிர் காலத்தில், பள்ளிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டுவிட்டேன். "கொந்திராத் ஸவேலிச், என்னையும் குழுவுல சேர்த்துக்குங்க."

அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லாரும் சிரித்தார்கள். "ஏம்மா தாஸ்யா, வெப்பப் பயிற்சி ஆம்பளைங்க நாள்ல நடக்குது. நீயும் சனிக்கிழமை வர்றியா?"

"நான் வியாழக்கிழமை பொம்பளைங்க நாள்ல உக்காந்துட்டு வரேன்."

"யாரு சாட்சி? நான் வந்து பார்க்கவா?" மறுபடி சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதோ பாரு, எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஒருத்தி மேல போகட்டும். அன்னிக்கே உன்னைச் சேர்த்துக்கறேன். அதுவரைக்கும் ஒழுங்காத் தையலைப் போடு. கேஷாவுக்கு அக்குள்ல பிரிஞ்சிருக்கு பாரு."

கேஷா மீன் ஆலை மேலாளரின் மகன். நாற்காலியில் மூன்று சுற்றுக்கே காலையில் தின்றதைக் காட்டிவிடுவான். நல்ல பையன்தான். அவனுக்கு வானமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தூண்டிலும் உப்பு வெள்ளரிக்காயும் போதும். ஆனால் பள்ளியின் கூரைக்குத் தகரம் மீன் ஆலைதான் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள். அழுகைக்கெல்லாம் மசிய மாட்டாள்.

"அந்தக் கேஷாவையா மேல அனுப்பப் போறானுங்க? கூரை ஏறிக் கோழி பிடிக்க வக்கில்ல, வானத்துக்கு ஏணி கேக்குதாக்கும்," என்றாள். "நான் தெனமும் அவ்வளவு உசரத்துல காத்துல ஆடிக்கிட்டு உக்காந்திருக்கேன். எந்தப் பேப்பர்ல போட்டானுங்க?"

"அவர் எல்லார் முன்னாடியும் சிரிச்சாரும்மா."

"சிரிக்கட்டும். எல்லார் முன்னாடியும் சொன்னானில்ல? அதை நல்லா ஞாபகம் வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழன்தோறும் நீராவி அறையில் மேல் படியில் உட்கார்ந்தேன். வீட்டில் கிணற்று ராட்டினக் கயிற்றை முறுக்கித் தொங்கி, அது பிரியும்போது கூடவே சுற்றினேன். பக்கத்து வீட்டார் எனக்கு வலிப்பு என்று முடிவு கட்டினார்கள்.

மறு வருஷம் ஜூன். எட்டாம் வகுப்புத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஒருவர் மேலே போனார். முதல் முட்டை நிரம்பியது. அடுத்தவரும் போவார், ஜோடியாகத்தான் போவார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், இராய்தா பாவ்லவ்னா நேரத்தை மிச்சம் பண்ண இரண்டாம் முட்டையில் தாடையையும் கழுத்தையும் அப்போதே வரைந்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே தாடைதானே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலி பேசியது. இரண்டாவது ஆள் ஒரு பெண்.

நான் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வாளியை அப்படியே போட்டுவிட்டு வேலி ஏறிக் குதித்து ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா எனக்காகவே போனாள் என்று சத்தியமாக நினைத்தேன்.

திங்கட்கிழமை தேர்வை நிறுத்திவிட்டு முற்றத்தில் பொதுக்கூட்டம். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். வாசலில் இரண்டு படங்கள். இராய்தா பாவ்லவ்னா பாவம், ஞாயிறு முழுக்கப் போராடியிருக்கிறார். இமை முடி, சிவந்த உதடு, நெற்றியில் ஒரு சுருள் எல்லாம் சேர்த்திருந்தார். தாடையும் கழுத்தும் பளு தூக்குகிறவருடையது. வந்த அம்மாள் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"நம்ம வீராங்கனை," என்றார் அவேர்கி லுகிச்.

"கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்காங்களே."

"மேல காத்து இல்ல பாருங்க."

பிறகு கொந்திராத் ஸவேலிச் மேடை ஏறினார். பதக்கம் மினுங்கியது. "நான் எப்பவும் சொல்றதுதான்! நம்ம பொண்ணுங்க ஆம்பளைங்களுக்கு எதுலயும் சளைச்சவங்க இல்ல!"

கையைத் தூக்கினேன். தூக்கிய கையை யாரும் கவனிக்காததால் வாயையும் திறந்தேன். "கொந்திராத் ஸவேலிச், ஒருத்தி மேல போகட்டும், அன்னிக்கே சேர்த்துக்கறேன்னு சொன்னீங்க. நேத்து போயிட்டா. நேத்து ஞாயிறு, அதான் இன்னிக்கு வந்தேன்."

வட்டாரத்து அம்மாள் முகம் மலர்ந்தது. "அடடா, எவ்வளவு நல்ல திட்டம்! யாரோட யோசனை இது?"

"என்னோடதுதான்," என்றார் கொந்திராத் ஸவேலிச்.

அங்கேயே நாற்காலியைக் கொண்டுவரச் செய்தார்கள். கொந்திராத் ஸவேலிச் தன் கையாலேயே சுற்றினார். பையன்களை இப்படி யாரும் சுற்றியதில்லை. வாசல், வட்டாரத்து அம்மாள், இரண்டு தாடைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடின. இறங்கி மரக்கட்டை மேல் நடந்தேன். விழவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த கேஷாவுக்குத்தான் குமட்டியது.

"வெப்பம் இருக்கே," என்றார் கொந்திராத் ஸவேலிச். "அதுக்குச் சாட்சி வேணும்."

வியாழக்கிழமை குளியல் கூடத்துக்கு அதிகாரபூர்வ சாட்சியாக இராய்தா பாவ்லவ்னாவை அனுப்பினார்கள். உள்ளே அம்மாவும் துறைமுகப் பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே மேல் படியை நிரப்பியிருந்தார்கள். "வாங்க டீச்சர், வாங்க, கூச்சப்படாதீங்க," என்று அவரை நடுவில் உட்காரவைத்து, அம்மா சூடான கல் மேல் அகப்பை அகப்பையாகத் தண்ணீர் விட்டாள். சாட்சியைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது. வாசலில் கிடத்தி, குளிர்ந்த க்வாஸ் பானம் கொடுத்து, முகத்தில் விசிறினார்கள். கண்ணைத் திறந்ததும், "அந்தப் பொண்ணு இன்னும் உள்ளயா இருக்கு?" என்று கேட்டார். அதுவே சாட்சியம் என்று அம்மா முடித்துவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். ரொம்ப அன்பாகப் பேசினார். அவர் அன்பாகப் பேசினால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

"உன்னைச் சேர்த்தாச்சு தாஸ்யா. கௌரவ உறுப்பினர்! ஆனா முகாம்ல பொண்ணுங்களுக்குத் தங்க இடம் இல்லையாம். கேஷா போறான்."

"அவன் மூணு சோதனையிலயும் தோத்தானே."

"சோதனையா முக்கியம்? உன்னையும் விட்டுடலம்மா. நீயும் வர்றே, ஒரு நாள். பத்திரிகையிலேருந்து வராங்க. கோபுரத்தடியில பாராசூட் வார் எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்கறே, சிரிக்கறே, போட்டோ. சாயங்காலப் படகுல திரும்பிடலாம். எவ்வளவு பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!"

குளிர்காலம் முழுக்க வெந்திருக்கிறேன், சுற்றியிருக்கிறேன். கடைசியில் நானும் வாசலில் தொங்கும் ஒரு படம். அந்த ஆளின் மேஜை மேலிருந்த மைக்கூட்டை எடுத்து வீசலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். "சரி, அவேர்கி லுகிச்," என்றேன். அந்தக் கோபுரத்தை இன்னொரு தரம் பார்க்கவாவது பார்க்கலாமே.

ஜூலை முதல் வாரம். பூங்காவில் வெயில் கொளுத்தியது. ஒருவர் வந்து என் தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வாரைப் போட்டு இறுக்கினார். போட்டோவில் தளர்ந்து தெரியக் கூடாதாம். புகைப்படக்காரர் சின்ன மனிதர், வழுக்கையில் கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். கேஷாவை ஏற்கெனவே மேலே அனுப்பியாயிற்று. அவேர்கி லுகிச் நிழலில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"சிரிம்மா. பல்லு தெரியணும். ம்ஹூம், பின்னால ஐஸ்க்ரீம் கடை வருது. படியில ஏறு. இன்னும் ரெண்டு படி. பின்னால வானம் வேணும்."

இரண்டு படி ஏறினேன். இன்னும் இரண்டு ஏறினேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார், வெளியே வந்தபோது நான் முதல் திருப்பத்தைத் தாண்டியிருந்தேன். "போதும்! போதும்மா!" என்று கத்துவது கேட்டது. கேட்காத மாதிரி ஏறினேன்.

பாதி வழியில் படியில் கேஷா உட்கார்ந்திருந்தான். கண்ணை இறுக்கி மூடி, கம்பியைக் கட்டிப் பிடித்திருந்தான்.

"யாரது?"

"நான்தான், தாஸ்யா."

"கீழ பார்க்காதே தாஸ்யா. பார்த்தியோ கெட்டுது." கண்ணைத் திறக்காமலே காலை மடக்கி வழி விட்டான். "நீ போறியா? போ. என்னைக் கேட்டா, நான் மேலதான் இருக்கேன்னு சொல்லு."

உச்சியில் ஒரு கிழவர் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தார். என் வாரைப் பார்த்தார். "அனுப்பறதா சொன்னது பையனையில்ல? நீ யாரு, பேப்பர்காரங்களுக்கா?"

"ஆமா," என்றேன். அது பொய்யும் இல்லை.

"எல்லாத்தையும் என்கிட்ட கடைசியிலதான் சொல்லுவானுங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே குடையின் கொக்கிகளை என் தோள் வாரில் மாட்டினார், இழுத்துப் பார்த்தார், கம்பிக் கதவைத் திறந்தார். "காலைச் சேர்த்து வை. போ."

போக முடியவில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்ட இடம், கால் நகர மறுத்தது. கீழே வோல்கா இவ்வளவு அகலமா என்று அப்போதுதான் தெரிந்தது. அவேர்கி லுகிச் விதை விதைத்த மாதிரி கையை வீசிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. அவர் வந்து சேர்ந்தால் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்குவார். அந்த நினைப்பில்தான் காலை எடுத்து வைத்தேன்.

கத்தினேன். கூச்சமே இல்லாமல், தொண்டை கிழிய. பிறகு வார் தோளை வெட்டி இழுத்தது, தலைக்கு மேல் பட்டு படபடத்தது, நான் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தரையில் மோதியதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"யாரு உன்னை மேல ஏறச் சொன்னா?" அவேர்கி லுகிச்சுக்கு மூச்சு வாங்கியது.

"போட்டோக்காரர் ஏறச் சொன்னார்."

"ரெண்டு படிதானே சொன்னேன்!" என்று புலம்பினார் புகைப்படக்காரர். குதிக்கும்போது எடுத்த படம் உதவாது என்றார். வாயைத் தவிர வேறெதுவும் தெரியவில்லையாம். பத்திரிகையில் கேஷாவின் படம்தான் வந்தது. அன்று சாயங்காலம் அவனை ஒருவழியாக இறக்கிக் கோபுரத்தடியில் நிறுத்தி எடுத்தது. பின்னால் ஐஸ்க்ரீம் கடை. 'பரோமினோவின் இளைஞர் வானத்தை வென்றார்' என்று போட்டிருந்தார்கள். கொந்திராத் ஸவேலிச்சோ, இந்த ஊரில் முதல் பெண்ணைக் குதிக்க வைத்தவன் நான்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நாட்டிலும் ஒருத்தி போனதே போதும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்தவள் மேலே போனபோது எனக்கு முப்பத்து நான்கு வயது.

அன்றைக்குப் படகில் திரும்பும் வழி முழுக்க அவேர்கி லுகிச் திட்டிக்கொண்டே வந்தார். வீடு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பயந்தியா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ரொம்ப."

என் தோளில் வார் பதிந்த சிவப்புத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "செப்டம்பர்ல குழுவுலேருந்து உன்னை எடுத்துடுவானுங்கடி."

"எடுக்கட்டும். நான் குதிச்சதை எப்படிம்மா எடுப்பாங்க?"

பள்ளி திறந்த அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.